காணியை விற்க வேண்டாம், தம்பி

வாசகர் கடிதம் (சுருக்கியது):

"வணக்கம் அண்ணா. எனக்கு 21 வயது. ஊர் முரசுமோட்டை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படித்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. பரந்தனில் மாமாவின் கராஜில் வேலை செய்கிறேன். கிழமையில் இரண்டு மூன்று இரவு கன்டர் லொறியில் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போவேன். போன வருடம் தை மாதம் டுபாய் 24 மணிப் பந்தயத்தில் அஜித் ஓடியதைப் பார்த்த நாளில் இருந்து எனக்கும் அப்படி நீண்ட தூரப் பந்தயம் ஓட வேண்டும் என்று ஒரே யோசனை. இரவு முழுக்க நித்திரை இல்லாமல் ஓடுவது எனக்குப் பழக்கம். 2009இல், நாலு வயதில், ஷெல் பட்டு இடது கையில் இரண்டு விரல் இல்லை. அது தடையா? கொழும்பில் ஒருவர் 45 இலட்சம் கட்டினால் மலேசியாவில் மூன்று மாதப் பயிற்சி, சர்வதேச லைசென்ஸ், அப்புறம் ஐரோப்பிய அணியில் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இரணைமடுத் தண்ணி பாயும் இரண்டு ஏக்கர் வயல் இருக்கு. விற்க அம்மா சம்மதித்துவிட்டா. என்ன செய்யலாம்?"

அன்புள்ள தம்பிக்கு,

வயலை விற்க வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். இந்த மாதக் கடைசியில் உறுதி எழுதப் போவதாக நீங்கள் சொல்லியிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் கிளிநொச்சியில் பிறந்தவன்தான். இப்போது ஜேர்மனியில் ஜிடி கார் (வீதியில் ஓடும் வேகக் காரைப் பந்தயத்துக்கு மாற்றியது) பந்தய அணி ஒன்றில் தரவுப் பொறியாளராக இருக்கிறேன். கார் ஓடும்போது அதிலுள்ள உணரிகள் பதிவு செய்வதைப் பார்த்து, ஓட்டுநர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எங்கே எரிபொருளை வீணாக்குகிறார், எந்த ரயர் தேய்கிறது என்று சொல்வது என் வேலை. நீங்கள் கேட்ட தொழிலில் இருப்பவர்களோடு தினமும் பழகுகிறேன். எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். சில இடங்களில் கசக்கும்.

முதலில் காசு. 45 இலட்சம் ரூபா முரசுமோட்டையில் ஒரு குடும்பத்தின் முழுச் சொத்து. ஐரோப்பாவில் ஒரு ஜிடி3 காரில் ஒரு பந்தய வார இறுதி ஓடுவதற்கே அது போதாது. முழுப் பருவம் ஒன்றுக்குப் பல இலட்சம் யூரோ வேண்டும். அதாவது அம்மாவின் வயல் போய்விடும், நீங்களோ பந்தயத்தின் வாசலைக்கூடத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் இத்தனை பேர் எப்படி ஓடுகிறார்கள்? ஒரு காரில் மூன்று நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் யாருக்கு அணி சம்பளம் கொடுக்கிறது, யார் அணிக்குக் காசு கொடுக்கிறார் என்பதை ஒளிபரப்பில் சொல்ல மாட்டார்கள். உலக மோட்டார் விளையாட்டை நடத்தும் எஃப்ஐஏ, நீண்ட தூரப் பந்தய ஓட்டுநர்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. தங்கமும் பிளாட்டினமும் இதையே தொழிலாகச் செய்பவர்கள். வெண்கலத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு தொழிலில் நன்றாகச் சம்பாதித்துவிட்டு, முப்பது வயதுக்குப் பிறகு பந்தயத்துக்கு வந்தவர்கள். நீண்ட தூரப் பந்தய உலகச் சம்பியன்ஷிப்பின் எல்எம்ஜிடி3 என்ற ஜிடி கார்ப் பிரிவில் ஒவ்வொரு காரிலும் வெண்கலத் தரக்காரர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பல கார்கள் ஓடுவதே அவருடைய காசில்தான். பக்கத்தில் இருக்கும் தங்கத்துக்குச் சம்பளம் வருவதும் அதிலிருந்துதான். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அந்தக் காசு இல்லாவிட்டால் ஜிடி பந்தயமே இருக்காது. ஆனால் உள்ளே வர நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

உங்கள் வயதில் புதிதாகத் தொடங்குபவரைப் பொதுவாக வெள்ளியில் போடுவார்கள். சிக்கலே அங்கேதான். வெள்ளித் தரத்தில் நிற்கும் பிள்ளைகள் ஏழு எட்டு வயதில் கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டி ஓட்டத் தொடங்கியவர்கள். 15 வயதில் ஃபோர்முலா 4, பிறகு ஃபோர்முலா 3 என்று போய், ஃபோர்முலா 1க்கு வழி அடைபட்டதும் இந்தப் பக்கம் திரும்பியவர்கள். 21 வயதில் அவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேற்பட்ட பந்தய அனுபவம் இருக்கும். அணித் தலைவர் ஒருவர் சம்பளம் கொடுத்தோ, குறைந்தது காசு வாங்காமலோ ஒரு வெள்ளியைத் தேடினால், அவர்களில் ஒருவரைத்தான் எடுப்பார்.

பிரான்சில் நடக்கும் லு மான் 24 மணிப் பந்தயத்தில் அண்மை வருடங்களில் 62 கார்கள் ஓடுகின்றன. காருக்கு மூவர், ஆக 186 பேர். அதில் ரொயோட்டா, ஃபெராரி, பிஎம்டபிள்யூ, கடிலாக் போன்ற தயாரிப்பாளர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவர்கள் ஒரு பங்குதான். அந்தப் பந்தயத்தை ஒன்பது தடவை வென்ற டென்மார்க்காரர் ரொம் கிறிஸ்டென்சன், 1997இல் முதன்முதலாக அங்கே வந்து வென்றபோது அவருக்கு 29 வயது. பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் அவருக்கு அந்த இடம் கிடைத்தது. இதை மட்டும் கேட்டால் திடீரென்று அதிர்ஷ்டம் அடித்ததுபோல இருக்கும். அதற்கு முன் அவர் ஜேர்மன் ஃபோர்முலா 3 பட்டமும் ஜப்பான் ஃபோர்முலா 3 பட்டமும் வென்றிருந்தார்.

எங்கள் ஆட்களுக்கு வருவோம். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் லு மானில் ஓடி ஆறாம் இடத்தில் முடித்தார். இந்தியர் ஒருவர் அந்தப் பந்தயத்தை ஓடியது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் அவர் ஃபோர்முலா 1 ஓட்டியவர். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஃபோர்முலா 1 ஓட்டியவர்தான். 2009இல் லு மானில் ஆடி கார் ஒன்றில் அவருக்கு இடம் இருந்தது. பந்தயம் தொடங்கச் சற்று முன் தோள்மூட்டு விலகியதால் காரில் ஏறவே முடியவில்லை. இலங்கையில் இருந்து டிலந்த மாலகமுவ ஆசிய ஜிடி பந்தயங்களில் ஓடியிருக்கிறார். அஜித் குமார் டுபாயில் பயிற்சி ஓட்டத்தில் கார் மோதிய பிறகு தன் அணிக் காரை ஓட்டாமல் வேறு அணியின் காரில் ஓடினார். அவருக்கு அப்போது 53 வயது. அவருடைய அணி போர்ஷே 991 கார்களின் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. எனக்கும் அன்று சந்தோசம்தான். அவர் 2010இலேயே ஃபோர்முலா 2 ஓட்டியவர் என்பதையும், சொந்தமாக அணி நடத்தும் வசதி உள்ளவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரிக்கு வருகிறேன். "இரவு முழுக்க நித்திரை இல்லாமல் ஓடுவது எனக்குப் பழக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு தகுதியாக நினைத்துத்தான் எழுதினீர்கள் என்று விளங்குகிறது. எங்கள் வேலையில் அதைத் தகுதியாக எடுக்க மாட்டோம்.

1952இல் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் லு மானில் துணை ஓட்டுநருக்கு இடமே கொடுக்காமல் ஏறத்தாழ 23 மணி நேரம் தானே ஓட்டினார். நல்ல இடைவெளியில் முன்னால் இருந்தார். பந்தயம் முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போது இயந்திரம் உடைந்து கார் நின்றது. களைப்பில் கியரைத் தவறிப் போட்டதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். இன்றைய விதிப்படி ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தமாக 14 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. விதி விட்டாலும் எந்த அணியும் அந்த அளவுக்குப் போக விரும்பாது.

நடப்பது இப்படி. லு மானின் அதிவேகப் பிரிவான ஹைப்பர்கார் ஒன்று ஏறத்தாழ முக்கால் மணிக்கு ஒரு தடவை எரிபொருள் நிரப்ப வரும். ஓட்டுநர் ஒருவர் அப்படி மூன்று நான்கு தொட்டி ஓட்டி முடித்து இறங்குவார். இறங்கியதும் எங்களோடு சில நிமிடம் பேச வேண்டும். கார் எந்த வளைவில் பின்பக்கம் இழுக்கிறது, எந்த இடத்தில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது என்றெல்லாம் சொல்வார். பிறகு சாப்பாடு, உடம்புக்குப் பிடித்துவிடுதல், காதை அடைத்துக்கொண்டு ஒரு சின்ன அறையில் நித்திரை. கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் நித்திரை கொள்ளப் பழகுவதையே ஒரு பயிற்சியாகச் செய்கிறார்கள். நல்ல ஓட்டுநர்கள் பந்தயக் கிழமைக்கு முதலே நித்திரையைச் சேர்த்து வைப்பார்கள்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், களைப்பு என் திரையில் தெரியும். நல்ல நிலையில் இருக்கும் ஓட்டுநர் ஒரே வளைவில் ஐம்பது சுற்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் பிரேக்கில் கால் வைப்பார். களைக்கும்போது அந்த இடம் சிதறத் தொடங்கும். ஒரு சுற்றில் முந்திப் பிடிப்பார், அடுத்ததில் பிந்திப் பிடிப்பார். வேக மிதியில் கால் தயங்கும். ஸ்டியரிங்கில் தேவையில்லாத சின்னத் திருத்தங்கள் கூடும். வானொலியில் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கிறேன்" என்பார். பொய் சொல்வதில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியாது. நாங்கள் அவரை உள்ளே கூப்பிட்டு இறக்கிவிடுவோம்.

தம்புள்ளைப் பாதையில் உங்களை அப்படிக் கூப்பிட்டு இறக்க ஒருவரும் இல்லை, தம்பி. ஒழுங்கான பந்தயக் காரில் நித்திரை தூங்கினால் உங்களைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கும், ஆறு இடத்தில் பிணைத்த இருக்கைப் பட்டி இருக்கும், ஓடிவர மருத்துவக் குழுவும் இருக்கும். கன்டரில் உங்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி மட்டும்தான். பகல் முழுக்கக் கராஜில் நின்றுவிட்டு இரவு லொறி எடுக்காதீர்கள். லொறி போகும் நாளில் பின்னேரம் படுத்து எழும்பிவிட்டுப் போங்கள். கூட ஓட்டத் தெரிந்த ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். கண் கனத்தால் வவுனியாவிலோ மதவாச்சியிலோ ஓரங்கட்டி இருபது நிமிடம் படுங்கள். சந்தைக்குக் கொஞ்சம் பிந்தினால் பரவாயில்லை. உண்மையில் நீண்ட தூர ஓட்டுநராக வர விரும்பினால், முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்கு மோட்டார் சைக்கிளில் எவ்வளவு நேரத்தில் போனீர்கள் என்று எழுதியிருந்த வரியை மேலே உள்ள சுருக்கத்தில் சேர்க்கவில்லை. வேறு பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள், அந்த நேரத்தை முறியடிக்க ஒருவன் கிளம்புவான். 2024 சித்திரையில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஒழுங்கு செய்து நடத்திய பந்தயத்திலேயே அப்படி நடக்கிறது. ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள் வரும், மாங்குளம் தாண்டினால் யானை நிற்கும். பொது வீதியில் வேகமாகப் போகிறவரை அணிகள் திறமைசாலியாகப் பார்ப்பதில்லை. காரை உடைக்கப் போகிறவராகத்தான் பார்க்கும்.

வேகத்தை விட எங்களுக்கு வேண்டியது வேறு சில. லு மானின் ஒரு சுற்று 13.626 கிலோமீற்றர். அதில் ஹைப்பர்கார் ஒன்றுக்கு மூன்றரை நிமிடம் போதும், எல்எம்ஜிடி3 காருக்கு நான்கு நிமிடம் வரை பிடிக்கும். இரண்டும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஆகவே வேகமான காரில் இருப்பவர் அரை மணிக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு மெதுவான காரையும் தாண்ட வேண்டும். இரவிலும் மழையிலும் அப்படித்தான். மெதுவான காரில் இருப்பவருக்கு வேலை இன்னும் கடினம் என்பது என் கருத்து. பின்னால் வரும் வெளிச்சத்தைப் பார்த்து, தன் வழியை மாற்றாமல், தன் நேரத்தையும் இழக்காமல் வழிவிட வேண்டும். அந்தப் பொறுமையை ஓட்டுநரிடம் பார்த்தால் நான் அவரை மறக்க மாட்டேன்.

அடுத்தது, கார் அவருடையது மட்டும் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே இருக்கை. உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் பொருந்த உள்ளே தனித்தனி மெத்தை வைப்போம். பிரேக் எப்படி இருக்க வேண்டும், ஸ்டியரிங் எவ்வளவு இறுக்கம் என்பதில் மூவரும் விட்டுக்கொடுக்க வேண்டும். தனக்கு மட்டும் கார் பிடித்தால் போதும் என்று நிற்பவர் எவ்வளவு வேகமானவரானாலும் அடுத்த வருடம் அணியில் இருக்க மாட்டார். 2010இல் லு மானை வென்ற ஆடி 397 சுற்று, 5,410 கிலோமீற்றர் ஓடியது. கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் எட்டுத் தடவை போய்வந்த தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில். அவ்வளவு தூரமும் காரை உடைக்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பவரைத்தான் அணி திரும்பவும் கூப்பிடும்.

கடைசி வரை எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பதும் உண்டு. 2016இல் முன்னணியில் இருந்த ரொயோட்டா, பந்தயம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது சக்தி இழந்தது. ஓட்டிக்கொண்டிருந்த கசுகி நகஜிமா செய்த பிழை ஒன்றுமில்லை. இரண்டு வருடம் கழித்து அதே நகஜிமா ரொயோட்டாவுக்கு முதல் லு மான் வெற்றியைக் கொண்டுவந்த மூவரில் ஒருவராக இருந்தார்.

உங்கள் விரல்களைப் பற்றிக் கேட்டீர்கள். அது தன்னளவில் தடை இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. போலந்துக்காரர் ரொபேர்ட் குபிட்சா ஃபோர்முலா 1இல் வென்றவர். 2011 தொடக்கத்தில் இத்தாலியில் ஒரு ராலியில் வீதியோரத் தடுப்பு காரைத் துளைத்து அவருடைய வலது முன்கை அறுந்துபோகும் அளவுக்குச் சிதைந்தது. அந்தக் கை இன்றும் முழுதாக வேலை செய்வதில்லை. 2025இல் அவர் ஃபெராரி ஒன்றில் லு மானை வென்றார். கொடி விழும்போது ஓட்டிக்கொண்டிருந்ததும் அவரேதான். பிரான்சின் ஃபிரெடெரிக் சோசே ஒரு கிருமித் தொற்றால் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் இழந்தவர். 2016இல் அவருக்கென்று மாற்றியமைத்த காரில் லு மானை ஓடி முடித்தார். மருத்துவர் பார்ப்பது பிடிமானத்தையும் பார்வையையும் இதயத்தையும். விபத்து நடந்தால் சில விநாடிக்குள் நீங்களாகவே காரை விட்டு வெளியேற முடிகிறதா என்றும் சோதிப்பார்கள். வன்னியில் உங்களைப் போலக் காயத்தோடு வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். யாராவது உங்கள் கையைக் காட்டி இது முடியாது என்றால் குபிட்சாவின் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, செய்யக்கூடியது என்ன?

ஓடிப் பார்க்க ஆசை இருந்தால் சின்னதாக, கையில் இருக்கும் காசில் தொடங்குங்கள். பண்டாரகமவில் கார்ட் சுற்று இருக்கிறது. லொறி வருமானத்தில் கொஞ்சம் சேர்த்து ஒரு நாள் போய் ஓடுங்கள். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. உங்களுக்குக் கிட்ட என்றால் அநுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்குரொஸ். அது இராணுவத்தின் திடல். 2009ஐப் பார்த்த ஒரு பிள்ளைக்கு அங்கே போய் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்கும். போவதும் போகாததும் உங்கள் மனம் சொல்வதுபோல. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

இந்தியாவும் தூரம் இல்லை. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரில் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயச் சுற்றுகள் இருக்கின்றன. முதலில் ஒரு தேசியப் பந்தய வார இறுதியைப் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். ஓட்டுநரை விட அணிகளின் கூடாரங்களைப் பாருங்கள். யார் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வார்கள்.

கணினிப் பந்தயத்தை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். நிசானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008இல் தொடங்கிய ஜிடி அகாடமியில் வென்ற ஸ்பெயின் மாணவர் லூகாஸ் ஒர்டோனெஸ், 2011இல் லு மானில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். 2011இல் அதை வென்ற ஜான் மார்டன்பரோ 2013இல் தன் பிரிவில் மூன்றாம் இடம். அந்தத் திட்டம் இப்போது இல்லை, ஆனால் இன்று தொழில்முறை ஓட்டுநர்களே சிமுலேட்டரில்தான் புதிய சுற்றுகளைப் பழகுகிறார்கள். பாவித்த ஸ்டியரிங் ஒன்று வாங்கி, ஓட்டுநர் மாறும் நீண்ட தூர இணையப் பந்தயங்களில் நண்பர்களோடு சேர்ந்து ஓடுங்கள். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு சுற்றையும் ஏறத்தாழ ஒரே நேர அளவில் முடிக்க முடிகிறதா என்று உங்களுக்கே தெரியவரும். அப்படியே ஆங்கிலமும் பழகும். அணியின் வானொலியில் ஆங்கிலம்தான் ஓடும்.

உடம்பும் முக்கியம். வெயில் நாளில் மூடிய காருக்குள் கடும் சூடு, வியர்வையில் லீற்றர் கணக்கில் தண்ணீர் போகும். வன்னி வெயிலில் வளர்ந்த உங்களுக்கு அது பெரிய பயம் தராது. விடிய இரணைமடுக் குளக்கட்டில் ஓடுங்கள், கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி செய்யுங்கள்.

இவையெல்லாம் செய்தாலும் சம்பளம் வாங்கும் ஓட்டுநராக வருவதற்கான வாய்ப்பு மிகமிகச் சிறியது. அதை நம்பி வாழ்க்கையை ஒழுங்கு செய்ய வேண்டாம். ஆனால் 24 மணிப் பந்தயத்தின் பாதையோரத்தில் சம்பளத்தோடு நிற்க உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

உங்கள் மாமா தொண்ணூறுகளிலும் கராஜ் நடத்தினார் என்று எழுதியிருந்தீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வராதபோது, சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த ஆட்கள் அவர்கள். உதிரிப்பாகம் கிடைக்காமல் இருப்பதைக் கொண்டு உருவாக்கினார்கள். இரவு மூன்று மணிக்கு உடைந்த கார் ஒன்று உள்ளே வரும்போது அணிக்குத் தேவை அப்படி யோசிக்கும் கைதான். எரிபொருள் சேமிப்பும் எங்களுக்குப் பெரிய விசயம். பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே காலை எடுத்து காரை உருள விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மிஞ்சும். அதைச் சேர்த்து ஒரு தடவை குறைவாக நிரப்பினால் பந்தயமே கைக்கு வரும். மாமாவோடு இருந்து அவர் செய்ததையெல்லாம் கேட்டு எழுதி வையுங்கள்.

பிறகு அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். உங்கள் வீட்டில் இருந்து கொஞ்சத் தூரத்தில், அறிவியல் நகரில், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனத் தொழினுட்பம் சொல்லிக் கொடுக்கிறார்கள், என்விகியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். உயர்தரத்தில் தொழினுட்பம் படித்த உங்களுக்கு அது நேரான பாதை. வாகன மின்னியல், உணரிகள், கணினியில் தரவு வாசிப்பது ஆகியவற்றில் கூடுதலாகக் கவனம் வையுங்கள். பக்கத்தில் ஜேர்மன் மொழி படிக்கத் தொடங்குங்கள். ஜேர்மனியில் வாகன மெக்கட்ரோனிக் (இயந்திரமும் மின்னியலும் சேர்ந்த) தொழிற்பயிற்சி மூன்றரை வருடம், பயிலும் காலத்திலேயே மாதச் சம்பளம் தருவார்கள். மொழியில் குறைந்தது பி1 என்ற நடுத்தர நிலை இல்லாமல் அதற்கு முயற்சி செய்வதில் பயனில்லை. விசா யாருக்கும் உறுதி இல்லை, ஆனால் அங்கே போகாவிட்டாலும் இந்தப் படிப்பு கிளிநொச்சியிலேயே சோறு போடும்.

இங்கே நல்ல தொழினுட்பவியலாளரைத் தேடி அணிகள் அலைவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மூன்று அணிகளுக்கு மாறி மாறி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வார இறுதியில் தங்கள் சொந்தச் சம்பளத்தில் பழைய கார் ஒன்றை எடுத்துச் சின்னப் பந்தயங்களில் ஓடுகிறார்கள். உங்களுக்கும் முப்பது வயதில் அப்படி ஒரு நாள் வரலாம். அது யாருடைய காணியையும் விற்காமல் வரும் பந்தயம்.

அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், விற்கத் தேவையில்லை என்று. அவர் சம்மதித்தது உங்கள் மேல் வைத்த பாசத்தில். அந்தச் சம்மதத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பு ஆளைப் பற்றி ஒன்று. "சர்வதேச லைசென்ஸ்" என்று அவர் சொல்வது எது என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் வாகனம் ஓட்டச் சாதாரண சாரதிகளுக்குக் கொடுக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒன்று இருக்கிறது. பந்தய லைசென்சுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பந்தய லைசென்சைக் கொடுப்பது அந்தந்த நாட்டில் எஃப்ஐஏ அங்கீகரித்த மோட்டார் விளையாட்டு அமைப்பு, அதுவும் கீழ்த் தரத்தில் ஓடிக் காட்டிய பிறகு படிப்படியாகத்தான் மேலே போகலாம். மலேசியாவில் எந்தச் சுற்றில், எந்த வகைக் காரில், எத்தனை மணி நேரம் ஓட விடுவார்கள் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் எந்த அணி, எந்தப் பந்தயம், அணியின் கையொப்பத்தோடு கடிதம் உண்டா என்று கேளுங்கள். முற்பணம் கேட்டால் ஒரு ரூபாகூடக் கொடுக்க வேண்டாம். அவர் தந்த தாள் ஏதாவது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அணியின் பெயர் அதில் இருந்தால் நானே தொடர்புகொண்டு கேட்டு உங்களுக்கு அறிவிக்கிறேன்.